எல்விஎம் யாருக்கு? அடுகோடியின் பக்கமிருந்து ஒரு மறுப்பு

"எல்விஎம் என்பது சர்வர் நடத்துவோரின் கருவி, வீட்டுக் கணினிக்கு அது வீண் சுமை." லினக்ஸ் நிறுவுவதற்கு வழி கேட்டு வரும் புதியவரிடம் ஆண்டுக்கணக்காகச் சொல்லப்பட்டு வரும் வாக்கியம் இது. சொல்வோர் பெரும்பாலும் நல்லெண்ணத்துடனேயே சொல்கின்றனர். ஆயினும் நல்லெண்ணம் ஒரு கூற்றை உண்மையாக்கிவிடாது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இந்த வாக்கியம் ஓரளவு பொருந்தியது. இன்று அது தலைகீழாக நிற்கிறது. லாஜிகல் வால்யூம் என்னும் ஏற்பாடு யாருக்கு மிகக் குறைவாகத் தேவைப்படுகிறதோ அவர்களுடைய உடைமையாக அது கருதப்படுகிறது. யாருக்கு மிகுதியாகத் தேவைப்படுகிறதோ அவர்களிடமிருந்து "உனக்கு இது வேண்டாம்" என்ற அறிவுரையோடு விலக்கி வைக்கப்படுகிறது.

பெங்களூரின் அடுகோடியை வைத்துப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். ஓசூர் சாலையை ஒட்டிய இப்பகுதியில் ஒருபுறம் பாஷ் நிறுவனத்தின் பெருவளாகம் இருக்கிறது. முதியோர் அதை இன்னும் "மைக்கோ" என்றே அழைக்கின்றனர். 1950களில் மோட்டார் உதிரிப்பாகத் தொழிற்சாலையாகத் தொடங்கிய அவ்விடம், 2022 ஜூன் மாதம் புதிய தொழில்நுட்ப வளாகமாகத் திறந்துவைக்கப்பட்டது. மறுபுறம், தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து ஒலிக்கும் சந்துகள். மாடிமேல் மாடியாக எழுந்த வாடகை வீடுகள். அவ்வீடுகளில் கல்லூரி மாணவர்கள் இருக்கின்றனர், தட்டச்சு வேலை செய்வோர் இருக்கின்றனர், பகலில் வேலைக்குச் சென்று இரவில் ஆய்வேடு எழுதுவோர் இருக்கின்றனர். அவர்களுடைய மடிக்கணினிகளில் பல, நிறுவனங்களில் குத்தகைக் காலம் முடிந்து, எஸ்.பி. ரோட்டுக் கடைகளின் வழியாகக் கைமாறி வந்தவை.

அம்மடிக்கணினிகளுக்கு ஒரு நெருக்கடி வந்து சேர்ந்தது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. தனிநபர் பயனருக்கு ஓராண்டு நீட்டிப்பு என்னும் இடைக்கால ஏற்பாடு உண்டு. அதற்கு அப்பால் வழி இல்லை. விண்டோஸ் 11 நிறுவுவதற்கு டிபிஎம் 2.0 சில்லு வேண்டும். இன்டெல் கணினியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும்போதே காலாவதியானவையாக அறிவிக்கப்பட்டுவிட்டன. அவற்றை வைத்திருப்போர் லினக்ஸின் பக்கம் வருவது ஆர்வத்தால் மட்டுமன்று. வேறு கணினி வாங்கப் பணம் இல்லாததாலும் வருகின்றனர். எனவே, நிறுவும்போது வன்தட்டை எப்படிப் பிரிப்பது என்னும் கேள்வி இன்று தொழில்நுட்பப் பொழுதுபோக்காளரின் விவாதப் பொருளாக மட்டும் இல்லை. பணம் இல்லாத ஒருவரின் ஒரே கணினி அடுத்த நான்கைந்து ஆண்டுகளை எப்படிக் கடக்கப் போகிறது என்பதை அது தீர்மானிக்கிறது.

முதலில் அடிப்படையைத் தெளிவுபடுத்த வேண்டும். வழக்கமான பார்ட்டிஷன் என்பது வன்தட்டில் "இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை" என்று வரையப்படும் எல்லைக்கோடு. அது தொடர்ச்சியான ஒரே நிலமாக இருக்க வேண்டும். பழைய எம்பிஆர் முறையில் நான்கு முதன்மைப் பகுதிகளே இடப்பெற்றன. புதிய ஜிபிடி முறையில் இயல்பாக 128 பகுதிகளுக்கு இடம் உண்டு. எண்ணிக்கை பெருகினாலும் இயல்பு மாறவில்லை. ஒரு பகுதி நிறைந்து, அதற்கு அடுத்து வலப்புறம் காலியிடம் இல்லையெனில் அதைப் பெரிதாக்க இயலாது. இடப்புறம் இடம் இருந்தாலும் உள்ளிருக்கும் தரவு முழுவதையும் நகர்த்தியாக வேண்டும். அவ்வேலை நடக்கும்போது கணினியைப் பயன்படுத்த முடியாது. நடுவே மின்சாரம் நின்றால் தரவு பாழாகலாம்.

லாஜிகல் வால்யூம் முறை இக்கட்டிலிருந்து விடுவிக்கும் ஏற்பாடு. வன்தட்டோ அதன் ஒரு பகுதியோ "பிசிகல் வால்யூம்" என்று அடையாளமிடப்படுகிறது. அது சிறு துண்டுகளாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு துண்டின் இயல்பான அளவு 4 எம்பி. இத்தகைய வால்யூம்கள் ஒன்றோ பலவோ சேர்ந்து "வால்யூம் குரூப்" என்னும் பொதுக் கையிருப்பாகின்றன. அக்கையிருப்பிலிருந்து வேண்டிய எண்ணிக்கையில் துண்டுகளை எடுத்து "லாஜிகல் வால்யூம்" அமைக்கப்படுகிறது. 100 ஜிபி அளவுள்ள ஒன்று 25,600 துண்டுகளால் ஆனது. அத்துண்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. ஒரே வன்தட்டில்கூட இருக்க வேண்டியதில்லை. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை லினக்ஸ் கருநிரலின் டிவைஸ் மேப்பர் என்னும் பகுதி வைத்துக்கொள்கிறது. கோப்பு முறைமைக்குத் தெரிவது ஒரு பெயரும் ஓர் அளவும் மட்டுமே. சுருங்கச் சொன்னால், பெயர் வேறு, இருப்பிடம் வேறு என்று பிரித்துவிடுவதே எல்விஎம்.

இது சர்வர் உலகில் பிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ், எச்பியின் எச்பி-யுஎக்ஸ் ஆகிய யுனிக்ஸ் அமைப்புகளில் இவ்வசதி முன்பே இருந்தது. எச்பி-யுஎக்ஸ் முறையை முன்மாதிரியாகக் கொண்டு 1998இல் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் லினக்ஸுக்கான முதல் எல்விஎம்மை எழுதினார். பின்னர் சிஸ்டினா நிறுவனத்தில் அப்பணி தொடர்ந்தது. 2003 டிசம்பரில் அந்நிறுவனத்தை ரெட் ஹேட் வாங்கியது. அதே மாதம் வெளிவந்த 2.6 கருநிரலில் டிவைஸ் மேப்பர் இடம்பெற, இன்றைய எல்விஎம்2 அதன்மேல் நிலைபெற்றது. அக்காலத்துச் சர்வர் என்பது ஓர் அறையில் நிற்கும் இரும்புப் பெட்டி. அதில் இடம் தீர்ந்தால் புதிய வன்தட்டைச் செருக வேண்டும். வேலை நிற்கவும் கூடாது. எனவே அக்கருவி அங்கே தேவைப்பட்டது.

இன்று அந்தச் சர்வர் எங்கே இருக்கிறது? மேகத்தில் இருக்கிறது. அமேசானின் மேகச் சேவையில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் வட்டை நிறுத்தாமலேயே பெரிதாக்கும் வசதி 2017 முதல் உண்டு. பிற சேவைகளிலும் இத்தகைய வசதி வந்துவிட்டது. இடம் தீர்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கட்டணம் மட்டும் கூடும். பழுதான மெய்நிகர் கணினியைச் சரிசெய்வதைவிட அழித்துவிட்டுப் புதிதாக எழுப்புவதே அங்கு வழக்கமாகியிருக்கிறது. பெருநிறுவன வளாகத்துக்குள் இருக்கும் பொறியாளருக்கு எல்விஎம் இன்றியும் வேலை நடக்கும். அவருக்கு அதைவிட விலையுயர்ந்த நெகிழ்வுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன.

அவ்வளாகத்தின் மதிலுக்கு வெளியே உள்ள மடிக்கணினியின் நிலை வேறு. அதன் வன்தட்டு ஒரே தவணையில் வருவதில்லை. வாங்கும்போது 128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பழைய 500 ஜிபி வன்தட்டு ஒன்று யாரிடமிருந்தாவது கிடைக்கும். ஊக்கத்தொகையோ போனஸோ வந்தால் 240 ஜிபி அல்லது 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கப்படும். இடம் துண்டுதுண்டாக வருகிறது. தேவையும் முன்கூட்டியே தெரிவதில்லை. இந்த ஆண்டு காணொளி வகுப்புகள், அடுத்த ஆண்டு ஆய்வுத் தரவு, அதற்கடுத்த ஆண்டு ஒரு மெய்நிகர் இயந்திரம். "முதலிலேயே சரியாகத் திட்டமிட்டுப் பிரித்துக்கொள்" என்பது எதிர்காலத்தை விலைக்கு வாங்கக்கூடியவருக்கு ஏற்ற அறிவுரை.

அடுகோடியில் வீடு கட்டுவோர் இதை நன்கறிவர். முப்பதுக்கு நாற்பது மனையில் முதல் தளத்தை முடித்தவர், மொட்டைமாடியின் தூண்களிலிருந்து இரும்புக் கம்பிகளை நீட்டியபடியே விட்டுவைக்கிறார். அடுத்த தளத்துக்கான பணம் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் வரும்போது கீழே உள்ள வீட்டை இடிக்காமல் மேலே கட்ட வேண்டும் என்று தெரியும். துருப்பிடித்து நிற்கும் அக்கம்பிகள் அழகற்றவையாகத் தோன்றலாம். அவையே அக்குடும்பத்தின் திட்டம். வால்யூம் குரூப்பில் ஒதுக்கப்படாமல் விடப்படும் காலியிடம் அதே வேலையைச் செய்கிறது.

புதிய எஸ்எஸ்டி வரும் நாளில் இதன் பயன் புலப்படும். அதை ஒரு யுஎஸ்பி உறையில் இட்டு இணைத்து, பிசிகல் வால்யூமாக அடையாளமிட்டு, "விஜிஎக்ஸ்டெண்ட்" கட்டளையால் குரூப்பில் சேர்த்து, "பிவிமூவ்" கட்டளையைக் கொடுத்தால், பழைய வட்டிலுள்ள துண்டுகள் ஒவ்வொன்றாகப் புதிய வட்டுக்குக் குடிபெயர்கின்றன. அந்நேரத்தில் கணினி வழக்கம்போல் இயங்குகிறது. ஆய்வேட்டின் அத்தியாயத்தைத் தொடர்ந்து எழுதலாம். நடுவே மின்சாரம் போய்விட்டால், திரும்ப வந்தபின் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடரச் செய்யலாம். முடிந்ததும் "விஜிரெட்யூஸ்" பழைய வட்டை விடுவிக்கிறது. பூட் பகுதியையும் ஈஎஃப்ஐ பகுதியையும் மட்டும் தனியே படியெடுத்து, கிரப் ஏற்றியைப் புதிய வட்டில் நிறுவிக்கொள்ள வேண்டும். இதைத் தொடங்குமுன் தரவைப் படியெடுத்து வைக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பணி முடியும்வரை யுஎஸ்பி இணைப்பைப் பிடுங்கவும் கூடாது. முழு வட்டையும் அப்படியே நகலெடுக்கும் மென்பொருள்களும் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தக் கணினியை நிறுத்த வேண்டும். நகலெடுத்த பின்னரும் பழைய எல்லைக்கோடுகளோடு மீண்டும் மல்லுக்கட்ட வேண்டும்.

இனி, மறுதரப்பின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"எல்விஎம் கணினியை மெதுவாக்கும்" என்பது முதல் வாதம். நேரியல் முறையில் அமைந்த லாஜிகல் வால்யூமில் நடப்பது ஒரு முகவரி மாற்றம் மட்டுமே. இந்த எண்ணுள்ள தொகுதி அந்த இடத்தில் இருக்கிறது என்று அட்டவணையைப் பார்த்து அனுப்புவது. எஸ்எஸ்டியில் படிக்கவும் எழுதவும் ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் அன்றாடப் பயனரால் அதை உணர முடியாது. ஸ்னாப்ஷாட் திறந்திருக்கும்போது எழுதும் வேகம் குறைவது உண்மை. அது வேண்டும்போது மட்டும் ஏற்கப்படும் செலவு.

"இடம் தீர்ந்தால் புதிதாக நிறுவிக்கொள்ளலாமே" என்பது இரண்டாம் வாதம். இரண்டு கணினி வைத்திருப்பவருக்கு இது எளிது. ஒரே கணினியும் ஒரே வன்தட்டும் உள்ளவர், புதிதாக நிறுவுமுன் தன் கோப்புகளை எங்கே வைப்பார்? மீண்டும் நிறுவிய பின் எழுத்துருக்கள், தமிழ் உள்ளீட்டு அமைப்புகள், ஆய்வு மென்பொருள்கள், அச்சுப்பொறி இணைப்புகள் அனைத்தையும் மீட்க எத்தனை நாள்கள் போகும்? நேரம் இலவசம் என்று எண்ணுவோரே இவ்வாதத்தை முன்வைக்க முடியும். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தில் அதுவே விலை மிகுந்த பொருள்.

"பிடிஆர்எஃப்எஸ் வந்துவிட்டது, எல்விஎம் பழமை" என்பது மூன்றாம் வாதம். இதுவே வலுவானது. 2020 அக்டோபரில் வெளிவந்த ஃபெடோரா 33, மேசைக்கணினிகளுக்கான தன் இயல்பு அமைப்பை எல்விஎம்மும் எக்ஸ்ட்4உம் சேர்ந்த முறையிலிருந்து பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு மாற்றியது. பிடிஆர்எஃப்எஸ்ஸில் துணைத் தொகுதிகள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வதால் ரூட்டுக்கு இவ்வளவு, ஹோமுக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. ஸ்னாப்ஷாட் எளிது, பெரிதாக்கவும் சுருக்கவும் இயலும். இவற்றை ஒப்புக்கொள்வதில் எல்விஎம்மின் பக்கம் நிற்போருக்கு இழப்பு ஒன்றுமில்லை. ஏனெனில் பிடிஆர்எஃப்எஸ் நிலைநாட்டுவதும் அதே கொள்கையைத்தான்: பெயரை இருப்பிடத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்ற கொள்கை. பிடிஆர்எஃப்எஸ்ஸைப் பரிந்துரைப்பவர், "ஒரே பார்ட்டிஷன், எக்ஸ்ட்4, அவ்வளவுதான்" என்ற பழைய அறிவுரையைத் தாமும் கைவிட்டவர் ஆகிறார். எக்ஸ்ட்4ஐ நம்புவோருக்கும், முழுமையாகக் குறியாக்கம் செய்த வட்டில் பல தொகுதிகள் வேண்டுவோருக்கும், ஒரு கோப்பு முறைமையோடு மட்டும் தம்மைக் கட்டிக்கொள்ள விரும்பாதோருக்கும் எல்விஎம் இன்னும் பொருத்தமான அடித்தளம்.

நான்காம் வாதம், "புதியவருக்கு இது புரியாது" என்பது. இங்கேதான் உண்மையான குற்றவாளி வெளிப்படுகிறார். புரியாமல் போவதற்குக் காரணம் புதியவரின் அறிவுக்குறைவன்று, நிறுவிகளின் மௌனம்.

உபுண்டு சர்வரின் நிறுவியைப் பாருங்கள். அது எல்விஎம்மைத் தானாகவே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. ஆனால் எல்லா இடத்தையும் ரூட்டுக்குக் கொடுப்பதில்லை. அதன் இயல்பான விதிப்படி, 20 முதல் 200 ஜிபி வரை இடம் இருந்தால் பாதியும், 200 ஜிபிக்கு மேல் இருந்தால் 100 ஜிபி மட்டுமே ரூட்டுக்கு ஒதுக்கப்படுகிறது. மீதி வால்யூம் குரூப்பில் காலியாகக் கிடக்கும். கொள்கை அளவில் இது மிகச் சரி. கம்பி நீட்டி வைப்பது போன்றதே. ஆனால் ஏன் அப்படிச் செய்தது, மீதி எங்கே இருக்கிறது, அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று புதியவருக்கு எடுத்துச் சொல்வதில்லை. 500 ஜிபி வட்டில் நிறுவியவர் "100 ஜிபிதான் தெரிகிறது, மீதியைக் காணோம்" என்று அலறுகிறார். வட்டு பழுது என்றுகூட முடிவுகட்டுகிறார்.

உபுண்டுவின் மேசைக்கணினி நிறுவியோ எதிர்த்திசையில் தவறுகிறது. அங்கே எல்விஎம் "மேம்பட்ட வசதிகள்" என்ற பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. தேடிச் சென்று தேர்ந்தெடுத்தால், ஏறத்தாழ முழு இடத்தையும் ரூட்டுக்கே வழங்கிவிடுகிறது. குரூப்பில் காலியிடம் மிஞ்சுவதில்லை. காலியிடம் இல்லாத வால்யூம் குரூப்பில் ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது. புதிய தொகுதி அமைக்கவும் முடியாது. எல்விஎம்மின் சிக்கல் முழுவதும் வந்து சேர்கிறது, பயன் வருவதில்லை. இப்படி நிறுவிப் பார்த்துவிட்டு "எல்விஎம்மால் ஒரு நன்மையும் இல்லை" என்று சொல்வோரைக் குறை கூற இயலாது. அவர்களுக்குக் கிடைத்தது அதன் தோல் மட்டுமே.

டெபியனின் நிறுவி இவ்விரண்டையும்விட நேர்மையானது. வழிகாட்டும் முறையில் எல்விஎம்மைத் தேர்ந்தெடுத்தால், குரூப்பில் எவ்வளவு இடத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்கிறது. ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தினால் பின்னர் வளர்த்துக்கொள்ளலாம் என்ற விளக்கத்தையும் தருகிறது. ஆயினும் முன்கூட்டியே நிரப்பப்பட்ட விடை முழு அளவாகவே இருக்கிறது. அவசரத்தில் என்டர் விசையை அழுத்துபவர் அதையே பெறுகிறார்.

அப்படியாயின் எப்படிப் பிரிப்பது? 240 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொள்வோர்க்கு ஒரு கணக்கு இங்கே தரப்படுகிறது. கணினியின் கணக்கில் அது ஏறத்தாழ 223 ஜிபி. ஈஎஃப்ஐ பகுதிக்கு அரை ஜிபி. அது எல்விஎம்முக்கு வெளியே, ஃபேட் வடிவத்தில்தான் இருக்க வேண்டும். பூட் பகுதிக்கு 1 ஜிபி. கிரப் ஏற்றியால் எல்விஎம்மைப் படிக்க முடியும். என்றாலும் குறியாக்கம் செய்வோருக்குத் தனிப் பூட் பகுதியே எளிது. மீதி முழுவதும் ஒரே பிசிகல் வால்யூம். அதில் ரூட்டுக்கு 40 ஜிபி, ஹோமுக்கு 100 ஜிபி, ஸ்வாப்புக்கு 8 ஜிபி. எஞ்சும் 70 ஜிபிக்கு மேற்பட்ட இடத்தை எதற்கும் ஒதுக்காமல் விட வேண்டும். ஹோம் நிறையும் நாளில் "எல்விஎக்ஸ்டெண்ட்" கட்டளை ஒன்றே போதும்; எக்ஸ்ட்4 கோப்பு முறைமை பயன்பாட்டில் இருக்கும்போதே வளரும்.

வளர்ப்பது எளிது, சுருக்குவது கடினம் என்னும் விதியை இங்கே மறக்கலாகாது. எக்ஸ்ட்4ஐச் சுருக்க அதைக் கழற்றிவைக்க வேண்டும். ரூட்டாயின் லைவ் யுஎஸ்பியிலிருந்து தொடங்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸை நடைமுறையில் சுருக்கவே இயலாது. ஆகவே குறைவாகக் கொடுத்துப் பின்னர் கூட்டுவதே அறிவுடைமை.

ஒதுக்கப்படாத இடத்தின் இன்னொரு பயன் ஸ்னாப்ஷாட். இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்துமுன் ரூட்டுக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், மேம்பாடு தோற்றுப்போகும்போது அதை மீண்டும் இணைத்து, மறுதொடக்கத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். தேர்வுக்கு முந்தைய வாரம் கணினி எழ மறுத்த அனுபவமுள்ள எவருக்கும் இதன் மதிப்பு விளங்கும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிறைந்துவிட்டால் அது செல்லாததாகிவிடும். தனிப் பூட் பகுதி அதில் அடங்காது. அதைத் தனியே படியெடுத்து வைக்க வேண்டும்.

குறியாக்கத்தையும் சொல்ல வேண்டும். நெரிசல் மிகுந்த பேருந்தில் மடிக்கணினி திருட்டுப் போவது அரிய நிகழ்ச்சியன்று. போவது கணினி மட்டுமன்று. ஆதார் நகல்கள், வங்கி ஆவணங்கள், களப்பணியில் பிறர் நம்பிச் சொன்ன வாய்மொழிகள் ஆகியனவும் போகின்றன. லக்ஸ் என்னும் குறியாக்க அடுக்கின்மேல் எல்விஎம்மை வைத்தால், ஒரே கடவுச்சொல்லால் ரூட், ஹோம், ஸ்வாப் அனைத்தும் காக்கப்படும். டெபியன் நிறுவியில் இது ஒரு தெரிவாகவே இருக்கிறது. தனித்தனிப் பார்ட்டிஷன்களில் இதையே செய்யப் புகுந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஏற்பாடு வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், எல்விஎம்மின் ஆதரவாளர்கள் அடிக்கடி விழுங்கிவிடும் உண்மையையும் சொல்லியாக வேண்டும். நெகிழ்வு வேறு, பாதுகாப்பு வேறு. 128 ஜிபி எஸ்எஸ்டியையும் பழைய 500 ஜிபி வன்தட்டையும் ஒரே குரூப்பில் இணைத்து, ஹோமை இரண்டின்மேலும் படரவிட்டால், அது இரண்டு மனைகளுக்குக் குறுக்கே போட்ட உத்தரம். எந்தப் பக்கச் சுவர் சாய்ந்தாலும் உத்தரம் விழும். இரண்டு வட்டுகளில் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பு, ஒரே வட்டு பழுதாகும் வாய்ப்பைவிடக் கூடுதல். பழைய வன்தட்டைப் பொறுத்தவரை அது எப்போது என்பதே கேள்வி. "இரண்டு வட்டையும் சேர்த்தால் ஒரே பெரிய வட்டு" என்று குதூகலத்தோடு கற்பிக்கும் காணொளிகள், கற்பவரின் மூன்றாண்டு உழைப்பைப் பணயம் வைக்கின்றன.

இதற்கும் எல்விஎம்முக்குள்ளேயே விடை உண்டு. ஒரு லாஜிகல் வால்யூமை அமைக்கும்போது அது எந்த பிசிகல் வால்யூமில் இருக்க வேண்டும் என்று குறிப்பிடலாம். ஆய்வுத் தரவை எஸ்எஸ்டியில் மட்டும் இருத்தி, திரைப்படங்களையும் மீண்டும் தரவிறக்கக்கூடியவற்றையும் பழைய வட்டில் வைக்கலாம். இரண்டு வட்டுகளும் இருந்தால் முதன்மையான தொகுதியை மட்டும் ரெய்டு1 முறையில் இரண்டிலும் பிரதியாக வைத்துக்கொள்ளலாம். பழைய வட்டை நம்ப முடியாதெனில் அதைத் தனிக் குரூப்பாக வைப்பதே மேல். இவை எதுவும் வெளியே எடுத்து வைக்கும் படிக்கு மாற்றாகா. அட்டவணையின் படி "ஈடிசி" அடைவின் கீழ் எல்விஎம் கோப்புறையில் தானாகவே சேமிக்கப்படுகிறது. அது எளிய உரைக்கோப்பு. அதையும் ஒரு யுஎஸ்பியில் படியெடுத்து வைப்பது மீட்பு வேலையைப் பெரிதும் எளிதாக்கும்.

பழுதுபார்க்கும் கடைகளையும் எண்ண வேண்டும். எல்விஎம் உள்ள வட்டை விண்டோஸ் கணினியில் இணைத்தால் உள்ளிருப்பது தெரியாது. பெயரற்ற ஒரு பகுதியாகவே தோன்றும். பழுது பார்ப்பவர் வெற்றிடம் என்றெண்ணி அழித்துவிடக்கூடும். ஆகவே மடிக்கணினியின் அடியில் "லினக்ஸ், எல்விஎம், வட்டை அழிக்க வேண்டாம்" என்று ஒரு தாள் ஒட்டிவைப்பது வேடிக்கையன்று. குரூப்புக்குத் தனித்துவமான பெயர் சூட்டுவதும் அவசியம். நிறுவி தரும் இயல்புப் பெயரே இரு வட்டுகளிலும் இருந்தால், மீட்புக்காக அவற்றை ஒரே கணினியில் இணைக்கும்போது பெயர் மோதல் எழும்.

இறுதியாக மொழி. "தருக்கக் கனவளவு" என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்தால் அது தமிழாகிவிடுமா? வால்யூம் என்பதை ஒலியளவு என்றும் கனவளவு என்றும் பாடநூலில் படித்தவர், அதை வன்தட்டில் காணும்போது திகைப்பதே இயல்பு. டெபியன் நிறுவியில் தமிழ் இருக்கிறது. ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் உழைத்துத் தந்தது அது. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதி வருகிறது. இவற்றின் மதிப்பு பெரிது. ஆனால் இவ்வுழைப்பைத் தன்னார்வலர்களின் தோளில் மட்டும் சுமத்திவிட்டு, கல்வி நிறுவனங்கள் ஒதுங்கி நிற்கலாமா? தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டளவில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸை முன்னெடுத்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டமோ கணினியோடு நிற்காமல் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது; அதனால்தான் அங்கே லினக்ஸ் வகுப்பறையில் வேரூன்றியது. கருவியை வழங்குவது பாதி வேலை. அக்கருவி ஏன் அப்படி இயங்குகிறது என்று கற்பவரின் மொழியில் சொல்வதே மறுபாதி.

பெங்களூரிலும் இதற்கு மரபு இல்லாமல் இல்லை. ஃபாஸ் டாட் இன் மாநாடு 2009, 2010 ஆண்டுகளில் நடந்தது நிம்ஹான்ஸ் மாநாட்டு மையத்தில். அடுகோடியிலிருந்து நடந்து போகும் தொலைவு. உலகெங்கும் இருந்து கருநிரல் எழுதுவோர் அங்கே வந்து பேசினர். அந்த அரங்கிலிருந்து அடுத்த சந்துக்கு அறிவு வந்து சேரவில்லை என்றால், சந்தில் இருப்பவரைப் பார்த்து "உனக்கு இது வேண்டாம்" என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

எல்விஎம்மைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது இங்கு வாதமன்று. வேண்டுவன மூன்று. நிறுவிகள் எல்விஎம்மை ஒளிக்காமல் முன்வைத்து, ஒரு பகுதியைக் காலியாக விடும் தெரிவை இயல்பாக்கி, அதன் காரணத்தை நான்கு வரியில் தமிழிலும் கன்னடத்திலும் சொல்ல வேண்டும். லினக்ஸ் நிறுவ உதவும் முகாம்களில், நிறுவி முடித்ததும் "விஜிஎஸ்" கட்டளையைக் காட்டி, மிஞ்சியிருக்கும் இடத்தைப் பயனரே கண்டு, தம் கையாலேயே ஒரு தொகுதியை 1 ஜிபி வளர்த்துப் பார்க்கச் செய்ய வேண்டும். பத்து நிமிட வேலை அது. அறிவுரை சொல்வோர், கேட்பவரிடம் முதலில் எத்தனை கணினி, எத்தனை வட்டு, அடுத்த வட்டு எப்போது வரும் என்று கேட்க வேண்டும். அக்கேள்விகளுக்கு "ஒன்றே ஒன்று, அடுத்தது எப்போது என்று தெரியாது" என்பது விடையானால், அவருக்கு எல்விஎம் தேவையில்லை என்று சொல்வதற்கு முன் சொல்பவர் ஒருமுறை தயங்க வேண்டும்.